உள்ளத்தில் உறையும் துணை

(நமது மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையில் ஆண்டுதோறும் சமயப் பேச்சு நடப்பது வழக்கம். நாயன்மார் வரலாறு, விரத மகிமை, கதிர்காம யாத்திரை என்று கேட்டுப் பழகிய செவிகளுக்கு இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதிதாகத் தோன்றலாம். மனிதன் தன் உள்ளத்துக்குள்ளே ஒரு துணையை வைத்துக்கொள்கிறான். அதனோடு பேசுகிறான்; அது பேசுவதைக் கேட்கிறான். அந்தத் துணை யார்? அதை நாம் உண்டாக்கினோமா, அது தானாக நம்மிடம் வந்ததா? உண்டாக்கியது என்றால் அது பொய்தானா? இக்கேள்வியை நாம் புத்தகத்திலிருந்து எடுத்து வரவில்லை. நமது மன்றத்தின் மாலை வகுப்பிலே, கடைசி வாங்கின் ஓரத்திலே, அதுவே வந்து உட்கார்ந்தது.

பத்து ஆண்டுகளுக்கு முந்திய சங்கதி. இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். தாய் வீட்டு வேலைக்காக வளைகுடா நாட்டுக்குப் போயிருந்தாள். தகப்பன் கொழும்பிலே ஒரு கடையில் வேலை. அம்மாயிதான் லயத்திலே வைத்து வளர்த்தாள். அவன் வாங்கில் உட்காரும்போது பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டே உட்காருவான். வேறு பிள்ளை வந்து உட்காரப் போனால், “இது அண்ணன் எடம்” என்று தடுப்பான். அவனுக்கு அண்ணன் கிடையாது. விசுக்கோத்துக் கொடுத்தால் பாதியை உடைத்து அந்த இடத்தில் வைப்பான். சற்று நேரம் கழித்து அதையும் தானே எடுத்துத் தின்பான். கணக்குத் தப்பினால், “அண்ணன் சரியாத்தான் சொல்லிச்சு சார், நான்தான் பிழையா எழுதிட்டேன்” என்பான். நாம் சிரித்தோம். பிள்ளை விளையாட்டு என்று விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

விஷயம் லயத்துக்குப் போயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் அகாலமாக இறந்துபோன ஒரு வாலிபனின் ஆவிதான் பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று பேச்சுக் கிளம்பியது. அம்மாயி பயந்துபோனாள். கோடாங்கி ஒருவரை வரவழைத்தார்கள். செலவுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்களில் நாமும் இருந்தோம். அன்றிரவு உடன் நின்றவர்களிலும் இருந்தோம். உடுக்கு அடித்தார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். “உன் பேர் என்ன? எங்கிருந்து வந்தாய்?” என்று அதட்டி அதட்டிக் கேட்டார்கள். ஏழு வயதுப் பிள்ளை அழுதுகொண்டே, “எங்க லயம்தான் சாமி” என்றது.

அதற்குப் பிறகு அவன் வாங்கில் இடம் விடவில்லை. பேய் போய்விட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் அவன் அண்ணனோடு மட்டுமல்ல, நம்மோடும் அம்மாயியோடும்கூடப் பேசவில்லை. இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. அன்பர்களே, அது நமது பிழை. அந்தப் பிழையினால்தான் நாம் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். “உன் பேர் என்ன, எங்கிருந்து வந்தாய்” என்ற அதே கேள்வியை, பிள்ளையிடம் கேட்பதை விட்டுவிட்டு, அறிந்தவர்களிடம் கேட்டோம்.

இப்போது மேனாடுகளிலே வாலிபர் சிலர் வேண்டுமென்றே இத்தகைய துணையை மனத்துக்குள் வளர்க்கிறார்கள். நாள்தோறும் ஒரு நேரம் ஒதுக்கி, அதற்கு ஒரு முகம் கொடுத்து, குரல் கொடுத்து, பேச்சுக் கொடுத்து வருவார்கள். நாட்பட நாட்பட அது தாம் நினையாத மறுமொழியைத் தானாகவே சொல்லத் தொடங்குகிறது என்கிறார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘துல்பா’. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாமுவேல் வெய்சியேர் என்பவர் இவர்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இவர்களிற் பலர் தனிமையாலும் கூச்சத்தாலும் வருந்தியவர்கள் என்பதும், அத்துணையால் தமக்கு ஆறுதல் உண்டாயிற்று என்று அவர்களே கூறுவதும் அவர் கண்ட செய்திகள்.

துல்பா என்பது திபெத்தியச் சொல். பௌத்த நூல்களிலே ‘நிர்மிதம்’ என்று வழங்குவதற்கு, அதாவது தவவலிமையால் தோற்றுவிக்கப்பட்ட உருவத்துக்கு, நேரான சொல். அதை மேனாட்டாருக்குப் பரவலாக அறியச் செய்தவர் அலெக்சாந்திரா தாவித்-நீல் என்னும் பிரெஞ்சு மாதரசி. 1868இல் பிறந்து, 1969இல், நூறு வயது கடந்து மறைந்தவர். 1911இல் நமது இலங்கை வழியாக இந்தியா சென்று, புதுச்சேரியிலே அரவிந்தரைக் கண்டு பேசியவர். 1924இல் பிச்சைக்காரி வேடம் பூண்டு லாசா நகரத்துக்குள் புகுந்தவர். திபெத்தைப் பற்றி 1929இல் அவர் வெளியிட்ட நூலில் சொல்லும் கதை இது.

தாமும் ஒரு துல்பாவை உண்டாக்கிப் பார்க்க வேண்டும் என்று அவர் எண்ணினார். பயமுறுத்தும் தேவதை எதுவும் வேண்டாம் என்று, குட்டையாய், பருமனாய், கபடமில்லாத சிரித்த முகமுள்ள ஒரு பிக்குவைத் தெரிந்துகொண்டார். தனித்திருந்து சில மாதம் அதே தியானம். பிக்கு உருவானார். வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் கூடவே இருந்தார். அம்மையார் கூடாரம் கட்டிக்கொண்டு பயணம் புறப்பட்டபோது அவரும் அழைக்காமலே சேர்ந்துகொண்டார். வெண்ணெய் கொண்டுவந்த இடையன் ஒருவன் கூடாரத்துக்குள் அவரைக் கண்டு, உயிருள்ள லாமா என்றே எண்ணினானாம். பிறகு பிக்குவின் குணம் மாறிற்று. பருத்த உடல் மெலிந்தது. முகத்தில் ஏளனமும் வஞ்சகமும் ஏறின. அவரைக் கரைத்துவிட அம்மையார் ஆறு மாதம் போராட வேண்டியதாயிற்று. இதெல்லாம் தாமே உண்டாக்கிக்கொண்ட மனமயக்கமாயிருக்கலாம் என்பதையும் அவர் மறுக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை நமக்குப் பிடிக்கிறது.

இதிலே வேடிக்கை என்னவென்றால், இந்தத் துல்பா என்ற கருத்துக்கே ஊர் எது என்று விசாரித்தால் அதுவும் குழப்பமாயிருக்கிறது. நத்தாஷா மிக்கிள்ஸ், ஜோசப் லேகொக் என்ற இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2015இல் இதைத் தேடிப் பார்த்தார்கள். இன்று உலகில் உலவும் துல்பாக் கருத்திலே திபெத்தைக் காட்டிலும் பிரம்மஞான சபையாரின் கை அதிகம் என்பது அவர்கள் முடிவு. சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சபைதான். அன்னி பெசன்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, நம் எண்ணங்கள் உருவம் பெறுகின்றன என்று படம் போட்டு நூல் எழுதியிருந்தார்கள். தாவித்-நீல் அம்மையாரும் அச்சபையில் சேர்ந்திருந்தவரே. ஆக, திபெத்தியச் சட்டை போட்டு உலகம் சுற்றும் இந்தக் கருத்து, நமது கிழக்கு நாடுகளின் நூல்களை மேனாட்டார் படித்த படிப்பிலிருந்து பிறந்தது. பல பேர் பேணியதால் ஓர் உருவம் உண்டாயிற்று. சொல்லே ஒரு துல்பா!

பௌத்த நூல் என்று சொன்னோம். நமது அயலவர்களான சிங்கள மக்கள் நன்கறிந்த சுல்லபந்தகர் கதையை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. நான்கு மாதம் முயன்றும் ஒரு செய்யுளை மனனம் செய்ய முடியாத மந்த புத்திக்காரர் அவர். தமையனாலேயே விரட்டப்பட்டவர். புத்தர் கொடுத்த வெண்துணி ஒன்றைக் கையால் தடவித் தடவி, அது அழுக்காவதைக் கண்டு ஞானம் பெற்றார். அவரை அழைத்துவர ஆள் போனபோது தோப்பு நிறைய ஆயிரம் பிக்குகள். யார் சுல்லபந்தகர் என்றால் ஆயிரம் பேரும் “நானே” என்கிறார்கள். முதலில் வாய் திறப்பவரின் கையைப் பிடி என்று புத்தர் சொல்லியனுப்பினார். பிடித்ததும் மற்றவர்கள் மறைந்தார்கள். உள்ளத்துக்குள்ளே பல குரல் கேட்கிறவனுக்கு இந்தக் கதையில் ஒரு வழி இருக்கிறது: எத்தனை உருவம் இருந்தாலும், கையைப் பிடிப்பதற்கு ஒருவன் இருக்க வேண்டும்.

நமது சமயத்துக்கு வருவோம். மனத்தால் ஆக்குவது பொய் என்று சைவன் ஒருவன் சொல்வானாகில், அவன் பூசலார் நாயனாரை மறந்தவனாவான். தொண்டை நாட்டுத் திருநின்றவூரிலே, கையில் பொருளில்லாத பூசலார், கோயில் கட்டும் ஆசையை மனத்துக்குள்ளேயே நிறைவேற்றினார். நிதி சேர்ப்பதும் மனத்தில்; தச்சரைத் தேடுவதும் மனத்தில். அடிப்படை நாட்டி, கல் அடுக்கி, சிகரம் வைத்து, கிணறும் குளமும் தோண்டிப் பல நாள் கட்டினார். ஒரே நொடியில் நினைத்து முடித்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே நாளிலே காஞ்சியில் காடவர்கோன் கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். இறைவன் கனவிலே தோன்றி, நாம் நாளை பூசலார் கோயிலில் புகுகின்றோம், உன் விழாவைத் தள்ளி வை என்றான். மன்னன் திருநின்றவூருக்கு வந்து அந்தக் கோயில் எங்கே என்று கேட்டபோது ஊராருக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே இன்று இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. கட்டியது மனம், புகுந்தவன் இறைவன். ‘நாம் உண்டாக்கினோமா, அது வந்ததா’ என்ற நமது கேள்வியில், ஒன்று சரியானால் மற்றது பிழை என்று எண்ணிக்கொள்கிறோம். பெரியபுராணம் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நமது தோட்டங்களையே எடுத்துக்கொள்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம் முன்னோர் கடல் கடந்து, காடு கடந்து இம்மலைகளுக்கு வந்தபோது, ஊர்க் கோயிலின் பிடிமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவர்கள் பலர். அந்த மண்ணை வைத்து மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் இடம் செய்தார்கள். அவை ஊரிலிருந்து வந்த தெய்வங்கள். ஆனால் ரோதை முனி எந்த ஊரிலிருந்து வந்தார்? தமிழ்நாட்டில் அவருக்குப் பிறந்த கிராமம் இல்லை. ‘ரோதை’ என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்; சக்கரம் என்று பொருள். முனி தமிழ், ரோதை போர்த்துக்கேயம், காவல் காப்பதோ தேயிலை ஸ்டோரின் இயந்திரத்தை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதற்குப் பின்பு, இயந்திரம் வந்த பின்பு பிறந்தவர் அவர். கவ்வாத்துக்கென்றும் ஒரு சாமி உண்டு. அவரும் இம்மலையில் பிறந்தவரே.

ஸ்டோருக்குள் இரவு வேலை பார்த்த பெரியவர்கள் இக்கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் நேரம், கண்ணைச் சுழற்றும் தூக்கம், ஓடும் வார்ப்பட்டை, கை சற்றுத் தவறினால் கை போய்விடும். துரை உறங்குகிறார், கங்காணி உறங்குகிறார். அங்கே விழித்திருப்பதற்கு ஒருவர் வேண்டியிருந்தது. அவர் கண்டிப்பானவர், ஏனோதானோ என்று வேலை செய்தால் கோபிப்பவர், ஆனால் நம் ஆள். அவரை ஒரு தனி மனிதன் உண்டாக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டமே பயந்தும் நம்பியும் தேங்காய் உடைத்தும் உருவாக்கியது. அவர் பொய் என்று படித்த வாலிபர் சொல்லலாம். அவரை நினைத்துக் கையை இழுத்துக்கொண்டவனின் கை பொய்யல்லவே!

ஸ்டோரை மூடிவிட்ட தோட்டத்தில் ரோதை முனி என்ன ஆவார் என்று மன்றத்து வாலிபர் ஒருவர் கேலியாகக் கேட்டார். பக்கத்திலிருந்த பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே, “வேலை போனவன் வீட்டுக்குத்தானே வருவான் தம்பி” என்றார். அந்த மறுமொழிக்கு மேல் நாம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

படித்தவர்களுக்கும் இது உண்டு. கணித மேதை இராமாநுஜன், நாமக்கல் நாமகிரித் தாயாரே தமக்குக் கணக்கைக் காட்டுகிறாள் என்று நண்பர்களிடம் கூறியவர். 1913இல் அவருடைய கடிதம் கண்டு வியந்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டி, இத்தகைய பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கவில்லை. நாம் இருவருக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தாயார் காட்டியதானாலும் அதை மறுநாள் பலகையில் போட்டுப் பார்த்துச் சரி பிழை காண வேண்டியவர் இராமாநுஜன்தான் என்பது மட்டும் உறுதி.

இனி விஞ்ஞானிகள் சொல்வதையும் கேட்போம். மார்ஜரி டெய்லர் என்ற அமெரிக்க உளநூல் அறிஞர் நெடுங்காலம் பிள்ளைகளை ஆராய்ந்தவர். அவரும் பிறரும் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, பொம்மையை ஆளாக்கிப் பேசுவதையும் சேர்த்துக்கொண்டால், பிள்ளைகளில் 65 விழுக்காட்டினருக்கு ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு கற்பனைத் தோழன் இருந்திருக்கிறான். அது நோயன்று, பிள்ளைகளுக்கு அது கற்பனை என்பதும் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். அவர் 2003இல் 50 எழுத்தாளர்களை விசாரித்தபோது, தாம் படைத்த பாத்திரங்கள் தம் சொற் கேளாமல் தாமாகப் பேசி நடக்கின்றன என்ற அனுபவத்தை ஏதோ ஓரளவில் உடையவர்கள் 92 விழுக்காட்டினர். ஆகவே, தான் உண்டாக்கியது தன்னையே எதிர்த்துப் பேசுவது மனித மனத்தின் இயல்பிலேயே உள்ளது. நமது பையனின் அண்ணன் கணக்குச் சொன்னதில் அதிசயமில்லை.

ஆனால் எல்லாக் குரலும் இப்படியல்ல. இதை வாலிபர்கள் நன்றாகக் கேட்க வேண்டும். மனநோயால் குரல் கேட்பது வேறு. அக்குரலை அவர்கள் அழைக்கவில்லை. போ என்றால் அது போவதில்லை. தான்யா லூர்மன் என்ற மானிடவியல் அறிஞரும் சென்னை முதலிய இடங்களின் மருத்துவர்களும் இத்தகைய நோயாளர் 60 பேரை, சென்னையில் 20, கானா நாட்டு அக்ராவில் 20, அமெரிக்காவில் 20 என்று விசாரித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்க நோயாளருக்குக் கேட்ட குரல்களிலே கொடுமையும் வன்முறையும் மிகுதி. யாரோ அந்நியர் தம் மூளைக்குள் புகுந்துவிட்டதாகவே எண்ணினார்கள். சென்னை நோயாளரிற் பலருக்குக் கேட்டதோ உறவினர் குரல். அக்காள், மாமியார், பெற்றோர். குளி, சமை, வீட்டைப் பெருக்கு என்று ஏவும் குரல். திட்டும் குரலும் அங்கே உண்டு, ஆனால் திட்டுவது சொந்தக்காரர்! நோய் நோய்தான், மருந்து வேண்டியதுதான். இருந்தும், குரலின் முகம் எதுவென்பதை அவரவர் வாழும் வீடு முடிவு செய்கிறதே, அதுவல்லவா வியப்பு!

நமது சித்தாந்தத்திலே ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்பார்கள். பளிங்கு, பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைக் காட்டுவது போல. உள்ளத்துத் துணையும் அப்படியே என்று நாம் கருதுகிறோம். தாவித்-நீல் அம்மையாரின் பிக்கு சோதனைக்காகப் பிறந்தவர். அவருக்கு ஒரு கடமையில்லை, உறவில்லை, அவரை வேண்டியவர் ஒருவருமில்லை. அவர் கெட்டுப்போனது இதனால்தானோ என்று நமக்கு ஓர் ஐயம். ரோதை முனிக்கு வேலை இருந்தது. பூசலாரின் கோயிலுக்குள் புக ஒருவன் காத்திருந்தான். ஏழு வயதுப் பிள்ளையின் அண்ணனுக்கும் ஒரு வேலை இருந்தது. வீட்டில் காலியாகக் கிடந்த இடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான். நாம் விசாரிக்க வேண்டியது அந்த இடம் ஏன் காலியானது என்பதை. நாமோ உட்கார்ந்திருந்தவனை அடித்து எழுப்பினோம்.

பெரியோர்கள் கோபிக்கக் கூடாது. பேயோட்டுவதை எல்லாம் நாம் பழிக்க வரவில்லை. பயந்தவருக்குப் பூசாரியின் திருநீறு தரும் தைரியத்தை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளையை அடிப்பதை மட்டுமே வேண்டாம் என்கிறோம். மறுபுறம், தூக்கமின்றி, சோறின்றி, குரல் ஏவுகிறது என்று தன்னையோ பிறரையோ வருத்தப் புறப்படுகிற வாலிபனை, அது அவனுடைய உள்ளத்துத் துணை என்று சும்மா விட்டுவிடவும் கூடாது. கோடாங்கிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கே பஸ்ஸுக்குப் போதும். பதுளைப் பெரியாஸ்பத்திரியிலே மனநல வைத்தியர் இருக்கிறார். நமது மன்றத்தார் உடன் வருவார்கள். இதைக் கூட்டம் முடிந்த பின்பு தனியே வந்து சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம்.

அந்தப் பையன் எப்படிப் பேசினான் என்று கேட்பீர்கள். நாம் பேச வைத்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. வகுப்பிலே ஒரு சிறுமி, அவனைவிட ஒரு வயது மூத்தவள், ஒருநாள் அவன் வாங்கில் வந்து உட்கார்ந்தாள். உட்காரும்போது இருவருக்கும் நடுவே ஓர் ஆள் அளவு இடம் விட்டு உட்கார்ந்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு வாரம் அப்படியே நடந்தது. பிறகொரு நாள் தன் விசுக்கோத்தில் பாதியை அந்த இடத்தில் வைத்து, “ஒங்க அண்ணனுக்கு” என்றாள். பையன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அதுக்கு இனிப்பு விசுக்கோத்துத்தான் புடிக்கும்” என்றான்.

தாய் ஒப்பந்தம் முடிந்து மறு ஆண்டு திரும்பி வந்தாள். இப்போது அவன் பதுளையில் உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறான். அவனுடைய சம்மதம் பெற்றே இவற்றை இங்கே சொல்லுகிறோம். சம்மதம் கேட்கப் போனபோது, அண்ணன் இப்போது எங்கே என்று நாம் விளையாட்டாகக் கேட்டோம்.

“அது கொழும்புக்கு வேலைக்குப் போயிருச்சு சார்” என்று சிரித்தான். “சோதனை நேரத்துல மட்டும் வந்துட்டுப் போகும்.”